கண் அழுத்தத்துக்கும் வலிப்புக்கும் ஒரே மாத்திரை

மாலை மயங்கும் நேரத்தில் ஒரு கண்ணில் வலி தொடங்குகிறது. சற்று நேரத்தில் அந்தப் பக்கத் தலையே வெடித்துவிடும்போல் ஆகிறது. டியூப்லைட்டைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் வளையம். குமட்டல், அடுத்து வாந்தி. பித்தம் தலைக்கேறிவிட்டது என்று வீட்டில் சுக்குக் கஷாயம் வைத்துத் தருகிறார்கள். நெற்றியில் தைலம் தேய்க்கிறார்கள். தெருமுனைக் கடையிலிருந்து தலைவலி மாத்திரை வருகிறது. வாந்தி நிற்கவில்லையே என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் அங்கேயும் முதலில் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். கண் சிவந்திருப்பதையும், கருவிழி மங்கியிருப்பதையும், கண்மணி பாதி விரிந்தபடி வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்பதையும் யாராவது கவனித்துக் கண் டாக்டரிடம் அனுப்புவதற்குள் பொழுது விடிந்துவிடும். அதற்குள் அந்தக் கண்ணின் பார்வையில் ஒரு பகுதி போயிருக்கலாம். போனது திரும்பாது.

இது திடீரென்று தாக்கும் மூடுகோணக் கிளாக்கோமா. கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் சட்டென்று அடைத்துக்கொள்வதால் வருவது. ஐம்பதைத் தாண்டியவர்கள், அதிலும் பெண்கள், பிளஸ் பவர் கண்ணாடி போடுபவர்கள் ஆகியோரிடம் அதிகம். ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் அதிகம். கண்ணின் உள் அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும். இந்தத் தாக்குதலில் அது 50, 60 என்று ஏறிவிடுகிறது. அந்த நேரத்தில் கண் டாக்டர் கையிலெடுக்கும் மருந்துகளில் முக்கியமானது ஒரு சிறிய வெள்ளை மாத்திரை. அசெட்டசோலமைடு என்பது அதன் வேதிப்பெயர். மருந்துக் கடையில் டயமாக்ஸ் என்றால்தான் உடனே புரியும்.

இதே மாத்திரை வலிப்பு நோயாளியின் சீட்டிலும் இருக்கும். கைலாய யாத்திரை போகிறவரின் கைப்பையிலும் இருக்கும். தலைக்குள் நீர் அழுத்தம் கூடிப் பார்வை மங்கும் இளம்பெண்ணுக்கும் இதையே எழுதித் தருகிறார்கள். இத்தனை இடத்தில் ஒரே மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கும், இதைச் சாப்பிட்டால் விரல் ஏன் மரத்துப்போகிறது, சோடாவின் ருசி ஏன் கெடுகிறது, இரவில் ஏன் நாலு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்விகளுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான். அந்தப் பதிலை நோயாளிக்குச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். நம் ஊர் ஓ.பி. நெரிசலில் அந்த இரண்டு நிமிஷம் கிடைப்பதில்லை. அதனால் சிலர் பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்குகிறார்கள்.

ஒரு நொதியின் கதை

நம் உடம்பில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. கேம்பிரிட்ஜில் மெல்ட்ரம், ரஃப்டன் என்ற இருவர் 1933இல் இதை இனம்கண்டார்கள். கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்துப் பைகார்பனேட்டாகவும் அமிலமாகவும் மாற்றுவது இதன் வேலை. நடுவில் ஒரு துத்தநாக அணு. இதன் வேகமான வகையில் ஒரு மூலக்கூறே ஒரு நொடியில் பத்து லட்சம் தடவை இந்த மாற்றத்தைச் செய்யக்கூடியது. ரத்தச் சிவப்பணு, சிறுநீரகம், மூளை, இரைப்பை, நாக்கு, கண் என்று பல இடங்களில் இது உட்கார்ந்திருக்கிறது. டயமாக்ஸ் இந்த நொதியைத் தடுக்கிறது. அவ்வளவுதான் அதன் தொழில். தடுக்கப்பட்ட இடம் கண்ணானால் நன்மை, நாக்கானால் தொந்தரவு, சிறுநீரகமானால் சமயத்துக்கேற்ப இரண்டும்.

கண்ணுக்குள் ஊறும் நீர் வேறு, அழும்போது வரும் கண்ணீர் வேறு. ரத்தக்குழாய் இல்லாத லென்ஸுக்கும் கருவிழிக்கும் சத்துக் கொண்டுபோவது உள்ளே ஊறும் இந்த நீர்தான். நிமிஷத்துக்கு இரண்டு மைக்ரோலிட்டர் சொச்சம்தான் சுரக்கிறது. ஒரு சொட்டு சேர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும். சுரப்பதும் வடிவதும் சமமாக இருக்கும்வரை அழுத்தம் ஒரே மட்டத்தில் நிற்கும். வடிகால் அடைத்துக்கொண்ட தொட்டியில் குழாயைப் பாதி மூடுவதுதான் டயமாக்ஸ் செய்வது. நீர் சுரக்க அந்த நொதி தேவை; அதைத் தடுத்தால் சுரப்பு கணிசமாகக் குறைகிறது. வடிகால் அடைப்பை இந்த மாத்திரை எடுத்துவிடாது. இதை நோயாளி கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரையால் வலி அடங்கியதும் 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்குப் போய்விட்டால், மாத்திரையின் வேகம் தீர்ந்ததும் அதே தாக்குதல் திரும்ப வரலாம். கண்ணின் கருந்திரையில் லேசரால் ஒரு நுண்துளை போட்டு நீருக்கு வேறு வழி ஏற்படுத்துவதே நிலையான சிகிச்சை. வலி வராத மற்றக் கண்ணுக்கும் முன்னெச்சரிக்கையாக அதைச் செய்துவிடுவது வழக்கம்.

இந்த மருந்து பிறந்ததே ஒரு பக்கவிளைவிலிருந்துதான். 1930களின் நடுவில் சல்ஃபா மருந்துகள் வந்தன. பெனிசிலினுக்கு முன் தொற்றுநோய்களிலிருந்து லட்சக்கணக்கானோரைக் காப்பாற்றின. சல்ஃபனிலமைடு சாப்பிட்ட நோயாளிகள் சிலருக்கு ரத்தத்தில் அமிலம் கூடியது. சிறுநீர் காரத்தன்மையோடு போனது. ஏன் என்று தேடியவர்களுக்கு 1940இல் விடை கிடைத்தது. கேம்பிரிட்ஜின் மான், கெய்லின் இருவரும் சல்ஃபனிலமைடு இந்த நொதியைத் தடுப்பதைக் காட்டினார்கள். பாஸ்டனில் வில்லியம் ஷ்வார்ட்ஸ் 1949இல் அந்தப் பக்கவிளைவையே வைத்தியமாக்கினார்: இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோத்த நோயாளிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்து நீரை வெளியேற்றினார். ஆனால் அந்த அளவுக்குக் கொடுத்தால் உடம்பு தாங்காது. அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் ராப்ளின், கிளாப் என்ற வேதியியலாளர்கள் நொதியைப் பல நூறு மடங்கு பலமாகத் தடுக்கும் ஒரு சேர்மத்தை உருவாக்கினார்கள். அது 1953இல் நீர் பிரிக்கும் மாத்திரையாக டயமாக்ஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. மறு வருஷமே செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் பெர்னார்ட் பெக்கர் இது கண் அழுத்தத்தைக் குறைப்பதை எழுதினார். நீர் பிரிக்க இதைவிட நல்ல மாத்திரைகள் சில வருஷங்களிலேயே வந்துவிட்டன. கண் மருத்துவத்தில் மட்டும் எழுபது வருஷம் தாண்டியும் இது அசையவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளாக்கோமா மருந்தாக இன்றும் இருக்கிறது.

சில நாளுக்கா, பல மாதத்துக்கா?

கிளாக்கோமாவில் ஆரவாரமாக வருவது மேலே சொன்ன வகை. சத்தமில்லாமல் வரும் திறந்தகோண வகைதான் எண்ணிக்கையில் பெரிது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது. ஓரப்பார்வை மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே வரும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென்தமிழகக் கிராமங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், நாற்பது வயதைக் கடந்தவர்களில் 2.6 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா இருந்தது. திறந்தகோண வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. நாற்பதைத் தாண்டிய யாரும், குறிப்பாக அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர் யாருக்காவது இது இருந்தால், கண்ணாடிக் கடைப் பரிசோதனையோடு நிற்காமல் கண் டாக்டரிடம் அழுத்தமும் பார்வை நரம்பும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சத்தமில்லாத வகைக்கு முதல் மருந்து சொட்டு மருந்துதான். சொட்டு போதாதபோது, அல்லது ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு அதுவரை அழுத்தத்தைப் பிடித்துவைக்க, டயமாக்ஸ் சேர்க்கப்படும். கண்புரை ஆபரேஷன் முடிந்த மறுநாள் அழுத்தம் ஏறினாலும் சில நாளுக்கு இதைத் தருவதுண்டு. வழக்கமான அளவு 250 மி.கி., ஒரு நாளில் இரண்டு முதல் நான்கு முறை. சாதாரண மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி எட்டு, பத்து மணி நேரம் தாங்கும். மெதுவாகக் கரையும் காப்ஸ்யூல் நாளில் இரண்டு முறை போதும். தொந்தரவும் சற்றுக் குறைவு என்று பலர் சொல்கிறார்கள்.

இன்னொரு விஷயம். கண்ணில் நீர் குறைய வேண்டுமானால் அங்குள்ள நொதியில் 99 சதவீதத்துக்கு மேல் தடுக்கப்பட வேண்டும். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அது முழு வேலையையும் பார்த்துவிடும். அதனால்தான் மருந்தின் அளவு பெரிதாக இருக்கிறது, மற்ற உறுப்புகளும் அதை உணர்கின்றன. கண்ணில் மட்டும் இந்த நொதியைத் தடுக்கும் சொட்டு மருந்தைச் செய்ய நாற்பது வருஷம் பிடித்தது. தாமஸ் மாரன் என்ற மருந்தியலாளர் அந்தத் தேடலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். டார்சோலமைடு சொட்டு 1995இல்தான் வந்தது, பின்னாலேயே பிரின்சோலமைடும். மாத்திரையின் பெரும்பாலான தொல்லைகள் சொட்டில் இல்லை. வாய்க் கசப்பும் கண் எரிச்சலும் வரலாம். அழுத்தத்தைக் குறைக்கும் வேகத்தில் மாத்திரைக்கு அது ஈடாகாது. அவசரத்துக்கு மாத்திரை, நீண்ட நாளுக்குச் சொட்டு அல்லது லேசர் அல்லது ஆபரேஷன் என்பதே என் புரிதல். மாதக்கணக்கில் மாத்திரை நீடிக்கிறதென்றால், ஏன் என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

"பக்கவாதம் கிக்கவாதம் வரப்போகுதாடா?"

என் பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்குப் பின் இந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். மறுநாள் மதியம் போன் செய்தார். விரல் நுனியெல்லாம் சுருசுருவென்கிறதாம். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறதாம். தம்ளரைப் பிடித்தால் பிடித்ததே தெரியவில்லையாம். "ஏன்டா, பக்கவாதம் கிக்கவாதம் வரப்போகுதாடா?" என்று கேட்டார். குரலில் நடுக்கம். "இல்ல பெரியம்மா, மாத்திரையோட வேலைதான் அது. ரெண்டு கையிலயும் இருக்கா, ஒரு கையிலயா?" என்று கேட்டேன். இரண்டு கையிலும், இரண்டு காலிலும். சிரமப்பட்டுத்தான் நம்பினார். அன்று அவர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் ஆபரேஷன் செய்த கண்ணின் அழுத்தம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மாத்திரை கொடுத்தபோது ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பயமே வந்திருக்காது.

இந்தச் சுருசுருப்புதான் டயமாக்ஸின் மிகச் சாதாரணமான பக்கவிளைவு. விரல், கால்விரல், உதடு, மூக்கு நுனி ஆகிய இடங்களில் இரண்டு பக்கமும் வரும், போகும். நரம்பைக் கெடுப்பதில்லை, மருந்தை நிறுத்தினால் மறைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கை கால் மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு கதை. மாத்திரையின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது நாக்கு. கோலி சோடாவோ பன்னீர் சோடாவோ குடித்தால் தகரத்தை நக்கியது போன்ற ருசி. அதன் சுறுசுறுப்பே காணாமல் போய்விடும். சோடாவின் 'சுர்' என்ற உணர்வு குமிழி வெடிப்பதால் மட்டும் வருவதன்று. கரைந்திருக்கும் கரியமில வாயுவை நாக்கின் புளிப்புணரும் செல்களில் உள்ள இதே நொதி அமிலமாக மாற்றுகிறது. அதைத்தான் நாம் ருசிக்கிறோம். எலிகளில் செய்த சோதனைகளோடு இதை விளக்கி அமெரிக்க விஞ்ஞானிகள் 2009இல் எழுதினார்கள். மலையேறுபவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே, உச்சியில் திறக்கும் பீர் சப்பென்று இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, சிறுநீரகம். நொதி தடைப்பட்டால் பைகார்பனேட் சிறுநீரோடு வெளியே போகிறது. கூடவே சோடியமும் பொட்டாசியமும் தண்ணீரும் போகின்றன. முதல் சில நாள் அடிக்கடி சிறுநீர் போகும். பிறகு உடம்பு சமாளித்துக்கொள்ளும். வயதானவர்கள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து ஈரமான பாத்ரூம் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்வதும் மருந்தின் பக்கவிளைவுதான் என்பேன். மாத்திரை தொடங்கும் வாரத்தில் அந்த வழியில் ஒரு இரவு விளக்கைப் போட்டுவையுங்கள்.

பொட்டாசியம் குறைந்தால் கால் கெண்டை பிடித்துக்கொள்ளும், உடம்பு துவளும், நெஞ்சு படபடக்கும். இதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுபவருக்கு இது ஆபத்து. அதனால்தான் பல டாக்டர்கள் கூடவே பொட்டாசியம் சிரப் எழுதுகிறார்கள். அந்த உப்புக் கரிப்பை அப்படியே விழுங்கினால் வயிறு எரியும். ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பின் மெல்லக் குடிக்க வேண்டும். இளநீரும் வாழைப்பழமும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இவற்றைத் தாமாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குப் பொட்டாசியம் கூடினாலும் இதயத்துக்குக் கேடு.

பைகார்பனேட் போனால் ரத்தத்தில் அமிலத்தன்மை மிஞ்சுகிறது. களைப்பு, பசியின்மை, எடை குறைவது, எதிலும் நாட்டமில்லாமல் போவது, தாம்பத்திய ஆசை குறைவது ஆகியவற்றில் இதற்கும் பங்குண்டு. இந்தக் கடைசி இரண்டையும் நம் ஊரில் யாரும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை. வயதாகிவிட்டது, வீட்டில் கவலை என்று காரணம் தேடிக்கொள்கிறார்கள். எப்போதும் பேசிக்கொண்டிருந்த மனிதர் இந்த மாத்திரை தொடங்கியபின் மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டிருந்தால், அதைச் சொல்ல வேண்டியது கூட இருப்பவர்களின் பொறுப்பு. நீண்ட நாள் எடுத்தவர்களில் கணிசமானோர் இந்தச் சோர்வு தாங்காமல்தான் மாத்திரையை விட்டிருக்கிறார்கள்.

சிறுநீரகக் கல் இன்னொன்று. சிறுநீர் காரமாகிறது, கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட் அதில் குறைகிறது; கால்சியம் பாஸ்பேட் படிகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் வியர்த்துக் கொட்டும் நம் உடம்புக்கு இது கூடுதல் சுமை. முன்பே கல் வந்தவர் அதை டாக்டரிடம் சொல்லாமல் இந்த மருந்தைத் தொடங்கக் கூடாது. இதய நோயோ சிறுநீரக நோயோ காரணமாகத் தண்ணீருக்கு அளவு வைக்கப்படாதவர்கள் தாராளமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இவையெல்லாம் நொதியின் கணக்கில் வருபவை. கணக்கில் வராத, அரிதான, ஆனால் உயிருக்கே உலைவைக்கக்கூடிய சில உண்டு. சல்ஃபா குடும்பத்தைச் சேர்ந்த மருந்து என்பதால் தோல் கொப்பளித்து உரியும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் வரலாம். ஜப்பான், கொரியா வம்சாவளியினரில் குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த அபாயம் அதிகம் என்று தெரிந்திருக்கிறது. மற்றவர்களுக்கும் வராது என்றில்லை. காய்ச்சலோடு தடிப்பு, வாயில் புண், கண் எரிச்சல் சேர்ந்து வந்தால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவதை நிறுத்திவிடுவது அதைவிட அரிது: விடாத தொண்டைப்புண்ணும் காய்ச்சலும், காரணமில்லாமல் நீலத் திட்டு, ஈறில் ரத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். முதல் மாத்திரைகளுக்குப் பின் சில மணி நேரத்தில் தூரத்துப் பொருள் திடீரென மங்கினால், கண்ணின் உள்ளடுக்கில் நீர் கோத்து லென்ஸ் முன்னால் தள்ளப்பட்டிருக்கலாம். அழுத்தத்தைக் குறைக்கக் கொடுத்த மருந்தே அழுத்தத்தை ஏற்றும் விபரீதம் அது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடமும் இது நடந்திருக்கிறது. திடீர் மூச்சுத் திணறலும் இந்த வரிசையில் சேரும்.

வலிப்புக்கு எப்படி?

கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தால் சில வகை வலிப்பு அடங்குகிறது என்பதை அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வில்லியம் லெனாக்ஸ் 1920களின் இறுதியிலேயே கண்டிருந்தார். வேகமாக மூச்சுவிட்டு வாயுவை வெளியேற்றினால் குழந்தைகளுக்கு வரும் 'பிரமைபிடித்தாற்போல் நிற்கும்' வலிப்பு தூண்டப்படுகிறது என்பதும் தெரியும், இ.இ.ஜி. எடுக்கும்போது வேகமாக மூச்சுவிடச் சொல்வது அதற்காகத்தான். மூளையில் இந்த நொதியைத் தடுத்தால் கரியமில வாயு சற்றுத் தேங்குகிறது, அமிலத்தன்மை கூடுகிறது, நரம்பணுக்களின் துடிப்பு தணிகிறது. 1952இல், டயமாக்ஸ் கடைக்கு வருவதற்கு முன்பே, வலிப்பு நோயாளிகளிடம் இதைச் சோதித்து எழுதிவிட்டார்கள்.

ஆனால் வலிப்புக்கு இது முதல் மருந்தன்று. வால்புரோயேட், லெவிடிரசிட்டாம், கார்பமசெபின் போன்றவை முன்வரிசை. அவற்றோடு துணையாக, சில வகை வலிப்புகளுக்கு மட்டும் டயமாக்ஸ் சேர்க்கப்படுகிறது. காரணம், சில வாரம், சில மாதத்தில் உடம்பு இதற்குப் பழகிவிடுகிறது. முதலில் நின்ற வலிப்பு மெல்லத் திரும்புகிறது. அந்தக் குறை தடையாகாத ஓர் இடம் உண்டு. சில பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் மட்டும் வலிப்பு கூடும். அந்தச் சில நாளுக்கு மட்டும் கொடுத்தால் உடம்பு பழக அவகாசமில்லை. மாதவிலக்கும் வலிப்பும் எப்போது வந்தன என்று காலண்டரில் குறித்துவைத்திருக்கும் பெண்ணால்தான் இது டாக்டருக்குத் தெரியவரும். மாதவிலக்கை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படும் வீடுகளில் இந்த எளிய உதவிகூடப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போகிறது. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க மற்றவர்கள் ஓடும் நேரத்தில், ஒருக்களித்துப் படுக்கவைத்து, எத்தனை நிமிஷம் நீடித்தது என்று கடிகாரம் பார்ப்பவர் அவருக்குப் பேருதவி செய்கிறார்.

வலிப்புக்காக எடுப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு தொடர்ச்சியாகத் தாக்கலாம்; டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஃபெனிடாயினோடு நெடுநாள் சேர்ந்தால் எலும்பு பலவீனமாகலாம். டோபிராமேட், சோனிசமைடு இரண்டும் இதே நொதியை ஓரளவு தடுப்பவை. கூட்டணி சேர்ந்தால் அமிலமும் கல்லும் கூடும். டோபிராமேட்டை ஒற்றைத் தலைவலிக்கும் எழுதுகிறார்கள் என்பதால், தலைவலி மருந்துதானே என்று கண் டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு நெடுநாள் கொடுக்கும்போது உயரமும் எடையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மலையும் மண்டையும்

முக்திநாத் கிட்டத்தட்ட 3,700 மீட்டர். அமர்நாத் குகை அதற்கும் மேல். கைலாயத்தைச் சுற்றிவரும் பாதையில் டோல்மா கணவாய் 5,600 மீட்டரைத் தாண்டுகிறது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வேகமாக மூச்சுவிடுகிறோம். கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தம் காரமாகிறது. உடனே மூளை மூச்சைக் குறைக்கச் சொல்கிறது. சிறுநீரகம் பைகார்பனேட்டைக் கழித்து இதைச் சரிசெய்யச் சில நாள் ஆகும். டயமாக்ஸ் அந்த வேலையை ஒரு நாளில் செய்கிறது. ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து 125 மி.கி. இரண்டு வேளை, பெரியவர்களுக்குத் தடுப்பு அளவு அவ்வளவுதான். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு எதையும் கேட்காமல் யாத்திரைக் குழுவில் ஆளுக்கொன்றாக மாத்திரை வினியோகிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஊரில் தன் டாக்டரைக் கேட்டு, ஊரிலேயே ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. தலைவலியும் தள்ளாட்டமும் இருமலும் வந்தபின் மாத்திரையை நம்பி மேலே ஏறக் கூடாது. கீழே இறங்க வேண்டும்.

எடை கூடிய இளம்பெண்களிடம் மண்டைக்குள் நீரழுத்தம் கூடிப் பார்வை நரம்பு வீங்கும் நோய் ஒன்று இருக்கிறது. மூளையைச் சுற்றிய நீரைச் சுரக்கும் இடத்திலும் இதே நொதிதான். அமெரிக்காவில் 165 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வு, எடைக் குறைப்போடு இந்த மருந்தும் சேர்ந்தால் பார்வை கூடுதலாகத் தேறுவதைக் காட்டியது. சிலருக்கு ஒரு நாளில் 4 கிராம் வரை போனார்கள். கிளாக்கோமாவின் உச்ச அளவைப்போல் நாலு மடங்கு! நெருக்கமான கண்காணிப்பில் மட்டுமே இது நடக்கும்.

இதயத்துக்கும் இது திரும்பியிருக்கிறது. பெல்ஜியத்தில் இதயச் செயலிழப்பால் நீர் கோத்த 519 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. வழக்கமான நீர் பிரிக்கும் ஊசியோடு தினமும் 500 மி.கி. அசெட்டசோலமைடும் சேர்த்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு மூன்று நாளில் நீர் முழுதாக வடிந்தது. சேர்க்காதவர்களில் 30 சதவீதம் சொச்சம்.

சீட்டு வாங்கும்முன் சொல்ல வேண்டியவை

சல்ஃபா மருந்துக்கு, உதாரணமாகச் செப்ட்ரானுக்கு, உடம்பு தடித்த அனுபவம் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். அந்தக் கிருமிக்கொல்லிகளுக்கு ஒவ்வாமை உள்ள எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாது என்றில்லை. ஆனால் முடிவு டாக்டருடையது. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு இது கூடாது. சிறுநீர் காரமானால் அம்மோனியா வெளியேறாமல் ரத்தத்தில் தங்கி, நினைவு தடுமாறச் செய்துவிடும். குடிப்பழக்கத்தால் கல்லீரல் கெட்டதை மனைவிக்குத் தெரியக் கூடாது என்று கண் டாக்டரிடம் மறைப்பவர் தன் உயிரோடு விளையாடுகிறார். சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கும் கூடாது. மாத்திரை முழுவதும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஏற்கெனவே சோடியம், பொட்டாசியம் குறைந்தவர்களுக்கும் இது ஆகாது. ஆஸ்பிரினை வலி மருந்து அளவில் இதோடு சேர்த்தால் இரண்டும் சேர்ந்து ரத்தத்தை அமிலமாக்கி மயக்கம்வரை கொண்டுபோகலாம். மாரடைப்புக்குப் பின் தினமும் சாப்பிடும் சின்ன ஆஸ்பிரினையும் சீட்டோடு காட்டிவிடுங்கள். மனநோய்க்கு லித்தியம் எடுப்பவர், கருவுற்றவர், பால் கொடுப்பவர், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் எல்லோரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். போட்டிகளில் ஓடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: நீர் பிரிக்கும் மருந்து என்பதால் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இது இருக்கிறது. கண்ணுக்காக எடுத்தாலும் முன் அனுமதி வாங்க வேண்டும்.

மாத்திரை சில வாரம் நீடிக்கும் என்றால் சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், கிரியாட்டினின், ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தொடங்கும்போது ஒரு முறையும் நடுவில் அவ்வப்போதும் பார்க்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளிலும் இவை சாதாரணமாகச் செய்யப்படும் பரிசோதனைகள்தான். சீட்டு எழுதும் டாக்டருக்கு நேரமில்லாவிட்டாலும், கண் அழுத்தம் பார்க்கும் டெக்னீஷியனோ மாத்திரை எடுத்துத் தரும் மருந்தாளுநரோ நாலு விஷயம் சொல்லலாம்: விரல் சுருசுருக்கும், பயப்படாதீர்கள், தண்ணீருக்கு அளவு வைக்காவிட்டால் நிறையக் குடியுங்கள், உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே வாருங்கள், மாத்திரை தீர்ந்ததும் நீங்களாக அடுத்த அட்டை வாங்காமல் அழுத்தம் பார்த்துக்கொள்ள வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இது புரியும். கூட வந்த மகளிடமோ பேரனிடமோ ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னால், வீட்டில் அந்த மாத்திரையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிடுவார்.